மூட்டை கட்டுங்கள், இலங்கைக்கு!

பெட்டி, படுக்கை, கூஜா - இந்த மூன்றும் இல்லாமல் நம் வீட்டார் ஊருக்குப் புறப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. போதாக்குறைக்கு முறுக்கு டின் ஒன்று, புளியோதரைத் தூக்கு ஒன்று, கடைசி நிமிஷத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடி ஒன்று. ஸ்டேஷனில் இறங்கியதும் குழந்தைகளை எண்ணுவதற்கு முன் சாமான்களை எண்ணுவதுதான் வழக்கம்.

இந்தக் காலத்துப் பெண்கள் வேறு ரகம். எல்லாச் சாமானும் ஒரே பையில். அந்தப் பை முதுகில். கை இரண்டும் சும்மா இருக்கும். கூலி ஆளைத் தேட வேண்டாம், பஸ்ஸைக் கண்டால் ஓடி ஏறலாம், பிடிக்காத ஊரில் ஒரு நாள் குறைத்துக்கொண்டு பிடித்த ஊரில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம். இதற்கு 'பேக்-பேக்கிங்' என்று பெயர். பெயர்தான் புதிது, காரியம் மிகப் பழையது. முதுகில் மூட்டையோடு இலங்கைத் தீவைக் கடந்த தமிழர்கள் நமக்கு வெகு காலம் முன்பே இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் தமக்கையின் பெண்ணும் அவளுடைய சிநேகிதிகள் இருவரும் இப்படித்தான் இலங்கை முழுவதையும் சுற்றிவரத் தீர்மானித்தார்கள். வீட்டில் சபை கூடிற்று. "எங்கே தங்குவீர்கள்?" என்றார் அத்திம்பேர். "என்ன சாப்பிடுவீர்கள்?" என்றாள் அக்கா. "துணைக்கு யார் வருகிறார்கள்?" என்றாள் பாட்டி. மூன்றும் நியாயமான கேள்விகள். பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று போட்ட திட்டத்தை இங்கே தருகிறேன். மற்ற வீடுகளிலும் இந்தச் சபை கூடாமலா இருக்கும்?

மழையைக் கேட்டுப் புறப்படு

இலங்கை தமிழ்நாட்டில் பாதி அளவு. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குச் சுமார் 435 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 225 கிலோமீட்டர். அவ்வளவு சின்னத் தீவுக்குள் இரண்டு மழைக்காலம் இருக்கிறது என்பதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, மலைநாடு ஆகிய பகுதிகளை நனைக்கிறது. அந்த மாதங்களில் திருகோணமலையும் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் காய்ந்து கிடக்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் வடகிழக்குக் காற்று வந்து வடக்கையும் கிழக்கையும் நனைத்துவிட்டுப் போகிறது. தீவின் நடுவே எழும்பியிருக்கும் மலைகள் இரண்டு காற்றையும் தடுத்து நிறுத்துவதால் ஏற்படும் வேடிக்கை இது. ஒரு பக்கம் குடை பிடிக்கும்போது மறு பக்கம் வெயில் காயும்.

ஆகையால் 'இலங்கைக்குப் போக நல்ல மாதம் எது?' என்று பொதுப்படையாகக் கேட்பதில் பயனில்லை. 'இந்த மாதத்தில் இலங்கையில் எந்தப் பக்கம் நல்லது?' என்று கேட்க வேண்டும். தெற்கில் தொடங்கி மலை ஏறி வடக்கே இறங்க வேண்டுமானால், பிப்ரவரியும் மார்ச்சும் உத்தமம். கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்கிறவர்கள் கிழக்குக் கரையையும் யாழ்ப்பாணத்தையும் வைத்துத் திட்டம் போட வேண்டியது.

இன்னும் இரண்டு நாட்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே 'போயா' என்ற அரசாங்க விடுமுறை. கோயில்களில் கூட்டம் நெரியும். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு. சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாளில் வருஷம் பிறக்கிறது. ஊரெல்லாம் வீட்டுக்குப் போய்விடும். கடை இராது, பஸ்ஸும் அபூர்வம்.

பைக்குள் என்ன?

பை காலியாக இருக்கும்போது எல்லாம் அவசியமாகத் தோன்றும். அதை முதுகில் ஏற்றிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்கினால் ஞானம் பிறக்கும். ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று செட் பருத்தி உடை போதும். தினமும் ஒன்றைத் துவைத்துக் காயப் போடலாம். தோளும் முழங்காலும் மூடிய உடையாக இருக்கட்டும். புத்த விஹாரையிலும் நம் கோயிலிலும் அது அவசியம். டர்க்கி டவல் ஈரமானால் இரண்டு கிலோ கனக்கும். ஈரிழைத் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம், இரவில் நடுக்கும். ஆகவே ஸ்வெட்டர் ஒன்று. சாக்ஸ் இரண்டு ஜோடி: குளிருக்கு மட்டுமல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு நடு வெயிலில் அநுராதபுரத்துக் கல் தரையில் நடக்கும்போது காலுக்கு அதுவே காப்பு. மலைக்காட்டில் அட்டைப் பூச்சி உண்டு. கொஞ்சம் உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டால் கவலையில்லை.

பாஸ்போர்ட்டும், இணையத்தின் வழியே முன்கூட்டிப் பெற்ற பிரயாண அனுமதியும் கைப்பையில் இருக்க வேண்டும். அனுமதிக் கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுகிறபடியால், அந்நாட்டு அரசாங்கத்தின் அதிகாரபூர்வமான பக்கத்தில் மட்டும் பாருங்கள்.

முறுக்கு டின்? பாட்டி விடவில்லை. டின்னிலிருந்து துணிப் பைக்கு மாற்றிக்கொள்வதாக ராஜி ஏற்பட்டது.

பதினாறு இரவு

கொழும்பில் ஒரே இரவு. அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலத்தில், 1409ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. காலியில் 1911இல் அகப்பட்டது. சீனம், பாரசீகம், தமிழ் - மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு முன் சீனாவிலிருந்து வந்தவர் இந்தத் தீவில் தமிழும் தேவை என்று கருதியிருக்கிறார். அதை நேரில் பார்க்காமல் ஊர் சுற்றத் தொடங்கலாமா?

அடுத்து காலியில் இரண்டு இரவு. கடலை ஒட்டியே ஓடும் ரயிலில் போகலாம். போர்த்துகீசியர் தொடங்கி டச்சுக்காரர் விரித்துக் கட்டிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. போகிற வழியில் பெரலிய என்ற இடம் வரும்போது ரயில் பெட்டியில் பேச்சுச் சற்று அடங்கும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப் பேரலை அங்கே ஒரு ரயிலை அப்படியே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

காலியிலிருந்து பஸ்ஸில் மலை ஏறி எல்ல என்ற ஊரில் இரண்டு இரவு. 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் இங்கேதான். கல்லும் செங்கல்லும் சிமெண்டும்தான். இரும்புச் சட்டம் கிடையாது. சற்றுத் தள்ளி தெமோதரையில் ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. ஊசியில் நூல் கோத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ரயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் 'டிட்வா' புயல் இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. மண்சரிவில் ரயில் பாதையும் பல இடங்களில் பெயர்ந்துபோயிற்று. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதை ஸ்டேஷனில் விசாரித்த பிறகே டிக்கட் வாங்குங்கள். ரயில் இல்லாத இடத்துக்குப் பஸ் இருக்கும்.

பிறகு அட்டன். அங்கிருந்து நல்லதண்ணி. அழகான பெயர், இல்லையா? சிவனொளிபாதமலையின் அடிவாரம் அது. உயரம் 2,243 மீட்டர், படிகள் ஆயிரக்கணக்கில். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் புத்தருடையது என்கிறார்கள் பௌத்தர்கள். சிவபெருமானுடையது என்கிறோம் நாம். ஆதாமுடையது என்கிறார்கள் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். வழி நெடுக விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைய வேண்டும். சூரியன் எழும்போது மலையின் நிழல் எதிர்ப்புறத்து மேகத்தின்மேல் முக்கோணமாக விழுவதைக் காணலாம். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்தால் படியில் இடிபடாமல் ஏறலாம். இங்கே இரண்டு இரவு.

கண்டியில் இரண்டு இரவு. தலதா மாளிகையைப் பார்க்கும்போது அதற்குப் பக்கத்திலிருந்த அரண்மனையின் கடைசி ராஜாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் நாயக்க வம்சத்தவன். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, நம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். 1832இல் அங்கேயே அவன் உயிர் பிரிந்தது.

தம்புள்ளையை மையமாக வைத்துக்கொண்டு மூன்று இரவு. ஒரு நாள் சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் பாறை உச்சியில் கட்டிய அரண்மனை. ஒரு நாள் பொலன்னறுவை. அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு மர நிழலில் சுற்றலாம். சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈசுவரம் என்ற கற்கோயில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கும். இந்த இடங்களில் அந்நியருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். சார்க் நாட்டாருக்குச் சலுகை உண்டா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

மன்னாரில் ஒரு இரவு, யாழ்ப்பாணத்தில் மூன்று. நல்லூர், நயினாதீவு, அப்புறம் கட்டாயமாக நூலகம். 1981இல் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களோடு எரிக்கப்பட்ட அந்த நூலகம் மறுபடி கட்டப்பட்டு 2003இல் திறந்தது. உள்ளே போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் திரும்பக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நின்று நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கடல் முரடாக இருக்கும் மாதங்களில் அது ஓடுவதில்லை, தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கேள்வியும் பாட்டியின் கேள்வியும்

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இடியப்பம், பிட்டு, அப்பம், சொதி எல்லாம் நம் நாக்குக்குப் புதியவை அல்ல. ஆனால் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டைப் பொடித்துப் போடும் பழக்கம் சிங்களப் பகுதிகளில் பரவலாக உண்டு. பார்வைக்குத் தெரியாது. "மாசி போட்டிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காய்கறிக்கு அங்கே 'மரக்கறி' என்று பெயர், ரொட்டிக்குப் 'பாண்', பேசுவதற்குக் 'கதைப்பது'. பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டுமானால், யாழ்ப்பாணத்தில் "இறக்கம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அம்மாவுக்கு அவர்களும் அம்மா என்கிறார்கள், அக்காவுக்கு அக்கா. 'ஐயா' என்றால் அவர்களுக்கு அண்ணன். தங்கை 'நங்கி', தம்பி 'மல்லி'. முறை சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்களுக்குப் பாதி மொழி தெரிந்த மாதிரிதான்.

தங்குவதற்குக் குடும்பங்கள் நடத்தும் வாடகை அறைகளையே தேர்ந்தெடுங்கள். வீட்டு அம்மாள் சமைத்துப் போடுவாள். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும். 2022இல் அந்நாடு கடனில் மூழ்கி, ஜனங்கள் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களை அந்தக் குடும்பங்கள் மறக்கவில்லை. நீங்கள் கொடுக்கும் அறை வாடகை நேரே ஒரு சமையலறைக்குப் போகிறது என்பது நினைவிருக்கட்டும்.

ஜாக்கிரதையும் வேண்டும். கூட்டமான பஸ்ஸில் பெண்களுக்குத் தொந்தரவு அங்கேயும் உண்டு. பெண் பிரயாணிகளின் பக்கத்தில் இடம் பாருங்கள். முன் ஆசனம் பிக்குகளுக்கு உரியது. அதில் உட்கார வேண்டாம். இருட்டும் முன் தங்குமிடத்தை அடைந்துவிடுங்கள். ஊர்க்காரர்கள் குளிக்காத கடலில் நீங்களும் இறங்காதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அபசாரம். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தாலும், வடக்கே மிதிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்களில் சிவப்புப் பலகை நிற்கும். நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகக் கூடாது.

பாட்டிக்கு இவ்வளவும் சொன்ன பிறகு, "மூன்று பேரும் ஒருவருக்கொருவர் துணை, ராத்திரி ஒன்பது மணிக்கு டெலிபோன் துணை" என்றேன். "சரி, போகட்டும்" என்றாள்.

மாத்தளைச் சாலை

கண்டியிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் மாத்தளை இருக்கிறது. முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். அங்கே ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாலும் பாதகமில்லை; கட்டாயம் இறங்குங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட்டார்கள் வெள்ளைக்காரர்கள். வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களில் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. கங்காணி கூட்டிச் சென்ற ஜனங்கள் படகில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ரயில் ஏது, பஸ் ஏது? தண்ணீர் இல்லாத காட்டில், முதுகிலும் தலையிலும் மூட்டையைச் சுமந்து நடந்தார்கள். மாற்றுத் துணி ஒன்று, கொஞ்சம் அரிசி, ஒரு சட்டி - வேறென்ன இருந்திருக்கும் அந்த மூட்டையில்? வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே வீழ்த்தின. பிழைத்தவர்கள் காப்பி பறித்துவிட்டு, சேர்த்த காசுடன் அதே வழியாகத் திரும்பி நடந்தார்கள்.

1869 முதல் ஒரு நோய் காப்பிச் செடிகளை அழிக்கத் தொடங்கிற்று. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்குப் பருவமில்லை, வருஷம் முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் விவகாரம் தீர 2003ஆம் வருஷத்துச் சட்டம் வரை பிடித்தது.

2023இல், இருநூறு வருஷ நினைவாக, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் கால்நடையாக நடந்தார்கள். ஜூலை 28ஆம் தேதி புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். பதினாறு நாள்! நம் பெண்களின் மொத்தப் பிரயாணத்துக்கும் அவ்வளவு நாள்தான்.

ஆதலால் சகோதரிகளே, மலைச் சரிவில் கூடையோடு நிற்கும் பெண்ணைக் கண்டதும் படம் எடுக்கக் கையைத் தூக்காதீர்கள். முதலில் "அக்கா, சௌக்கியமா?" என்று தமிழிலேயே கேளுங்கள். பேச அவளுக்கு நேரம் இருந்தால் பேசுவாள். கொழுந்து நிறுக்கும் நேரமானால் போய்விடுவாள். இரண்டுக்கும் இடம் கொடுங்கள். புயலில் மண் சரிந்தபோது அதிகம் அடிபட்டதும் அந்தத் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள்தான்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று பஸ் மாறி மாறிப் போனால், அவர்கள் நடந்த வழியை நீங்கள் தலைகீழாகப் பார்க்கலாம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வறண்ட காட்டைக் கவனியுங்கள். சில மணி நேரப் பிரயாணம்தான்.

தலைமன்னார் வரை போங்கள். பழைய கப்பல் துறை அங்கே கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. 1914 முதல் ரயிலும் கப்பலுமாகச் சென்னையையும் கொழும்பையும் இணைத்த 'போட் மெயில்' இந்தக் கரைக்குத்தான் வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்த பிறகு அது பழைய கதையாயிற்று. தனுஷ்கோடி அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

அங்கே பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பாருங்கள். திட்டத்தில் இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். மன்னாருக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் யாழ்ப்பாணம் போக வேண்டும்.